கடலில் கொட்டிய தேயிலை

'டீ பார்ட்டி' என்றால் என்னவென்று நம் நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வெள்ளை விரிப்புப் போட்ட மேஜை, பீங்கான் கோப்பைகள், தட்டு நிறையப் பிஸ்கோத்து, பிரமுகர் ஒருவருக்குப் பூமாலை, அதற்கு மேல் இரண்டு பிரசங்கம் - இவ்வளவும் சேர்ந்தால் அது டீ பார்ட்டி. ஆனால் சரித்திரத்திலேயே மிகவும் பிரசித்தி பெற்ற டீ பார்ட்டியில் கோப்பையும் இல்லை, வெந்நீரும் இல்லை, பாலும் சர்க்கரையும் இல்லை. 342 பெட்டித் தேயிலை மட்டும் இருந்தது. கோப்பைக்குப் பதிலாகப் பாஸ்டன் துறைமுகமும், வெந்நீருக்குப் பதிலாக டிசம்பர் மாதத்துக் குளிர்ந்த கடல் நீரும் இருந்தன. அங்கே தேநீர் கலந்தவர்களில் ஒருவராவது ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

1773-ஆம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி இரவு நடந்த அந்தக் காரியத்துக்கு 'பாஸ்டன் டீ பார்ட்டி' என்ற வேடிக்கைப் பெயர் வழங்கத் தொடங்கியது ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்குப் பிறகுதான். நடந்த காலத்தில் அதற்கு 'தேயிலை நாசம்' என்றே பெயர். வேடிக்கையாக எண்ணக்கூடிய விஷயமாக அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அதைச் செய்தவர்கள் அகப்பட்டிருந்தால் தூக்குமேடைக்குக்கூடப் போக நேர்ந்திருக்கலாம்.

இந்தக் கதையில் ஒரு புதிர் இருக்கிறது. வரியை ஏற்றினால் ஜனங்கள் கோபிப்பார்கள். விலை உயர்ந்தால் கலகம் செய்வார்கள். இது உலகம் அறிந்த விஷயம். ஆனால் 1773-ல் பாஸ்டனுக்கு வந்த தேயிலை விலை உயர்ந்த தேயிலை அன்று. அதற்கு முன் அமெரிக்கர்கள் குடித்துக்கொண்டிருந்த தேயிலையைவிட மலிவாகக் கிடைக்கக்கூடிய தேயிலை. மலிவான சரக்கு வீடு தேடி வரும்போது அதை எடுத்துக் கடலில் கொட்டுவானேன்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால், ஒரு தேசம் எப்படிப் பிறக்கிறது என்பதில் பாதி தெரிந்துகொண்டதாகும். விடையைத் தேடிப் புறப்பட்டோமானால், வழியில் நமக்கு மிகவும் பழக்கமான ஓர் ஊரையும் சந்திப்போம்.

யுத்தமும் கடனும்

1756 முதல் 1763 வரை இங்கிலாந்தும் பிரான்ஸும் உலகத்தின் பல மூலைகளில் சண்டையிட்டன. ஐரோப்பாவில் அது ஏழு வருஷ யுத்தம். நம் நாட்டில் வந்தவாசியிலும் புதுச்சேரியிலும் நடந்தது அதன் ஒரு பகுதி. வட அமெரிக்காவில் கனடாவைப் பற்றிய போர். எல்லா இடங்களிலும் இங்கிலாந்துக்கே வெற்றி. ஆனால் வெற்றிக்கும் பில் உண்டு அல்லவா? யுத்தம் முடிந்தபோது இங்கிலாந்தின் தேசியக் கடன் ஏறக்குறைய இரட்டித்திருந்தது.

அப்போது வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் பதின்மூன்று ஆங்கிலக் குடியேற்ற நாடுகள் இருந்தன. அங்கிருந்தவர்கள் தங்களை ஆங்கிலேயர்கள் என்றே எண்ணியிருந்தார்கள். ஜார்ஜ் மன்னரின் பிறந்த நாளைக் கொண்டாடினார்கள். ஒரு நாட்டாருக்கு அடுத்த நாட்டாரிடம் பெரிய உறவு ஒன்றும் கிடையாது. மாஸச்சூஸெட்ஸ்காரர் ஒருவருக்கு விர்ஜீனியாவைவிட லண்டன் நெருக்கமாயிருந்தது. 1754-லேயே பெஞ்சமின் பிராங்க்ளின் தம் பத்திரிகையில், துண்டு துண்டாக வெட்டப்பட்ட ஒரு பாம்பின் படத்தைப் போட்டு, ஒன்று சேராவிட்டால் சாவுதான் என்று எச்சரித்தார். படத்தைப் பார்த்து ரசித்தார்கள், ஒன்று சேரவில்லை.

அவர்களை ஒன்று சேர்க்கும் வேலையை பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஏற்றுக்கொண்டது. கடனில் ஒரு பங்கை அமெரிக்கர்களும் சுமக்க வேண்டும் என்று 1765-ல் முத்திரை வரிச் சட்டம் செய்தது. பத்திரங்கள், சமாசாரப் பத்திரிகைகள், சீட்டுக் கட்டுகள், சூதாட்டத்துப் பகடைகள் எல்லாவற்றுக்கும் முத்திரை வேண்டும். அந்தப் பார்லிமெண்டில் அமெரிக்கர்களின் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. "எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் பையில் எப்படிக் கை வைக்கலாம்?" என்று கேட்டார்கள் ஜனங்கள். வக்கீல்களையும், பத்திரிகைக்காரர்களையும், சீட்டாடுகிறவர்களையும் ஒரே சட்டத்தில் பகைத்துக்கொண்ட ராஜதந்திரம் எப்படிப்பட்டது என்று நாம் சொல்லத் தேவையில்லை. அந்த வருஷம் அக்டோபரில் ஒன்பது நாடுகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். 1766-ல் சட்டம் ரத்தாயிற்று. ஆனால் ரத்துச் செய்த கையோடு, எந்த விஷயத்திலும் அமெரிக்கர்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்கு உண்டு என்று வேறொரு சட்டத்தையும் பார்லிமெண்டு எழுதி வைத்துக்கொண்டது.

ராட்டினம் சுழன்றது

அடுத்த வருஷமே, 1767-ல், கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றின்மேல் சுங்க வரி வந்தது. தேயிலைக்கு ராத்தலுக்கு மூன்று பென்னி. அமெரிக்கர்கள் அதற்குச் செய்த பதில், நம் நேயர்களில் வயதானவர்களின் முகத்தில் புன்னகையை வரவழைக்கும். அவர்கள் ஆங்கிலச் சரக்குகளைப் பகிஷ்கரித்தார்கள்.

பகிஷ்காரம் என்றால் கடைத்தெருவில் நடப்பது பாதிதான். மீதிப் பாதி வீட்டுக்குள்ளே நடக்க வேண்டும். ஆடவர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றலாம். ஆனால் சாயங்காலம் அடுப்பில் தேநீர் கொதிக்கிறதா, இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர்கள் வேறு அல்லவா? நியூ இங்கிலாந்து ஊர்களில் பெண்கள் ராட்டினங்களைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டில் கூடி, காலை முதல் மாலை வரையில் நூல் நூற்றார்கள். தேயிலைக்குப் பதிலாக உள்ளூர் மூலிகைகளையும் இலைகளையும் போட்டுக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். லண்டன் பட்டு உடுத்தியவர்களைப் பார்த்து, வீட்டில் நூற்று நெய்த முரட்டுத் துணி உடுத்தியவர்கள் தலை நிமிர்ந்து நடந்தார்கள். 1769-ல் ரோட் தீவுக் கல்லூரியின் முதலாவது பட்டமளிப்பு விழாவில், பட்டம் பெற்ற மாணவர்களும் கல்லூரித் தலைவரும் அமெரிக்காவில் நெய்த துணியையே உடுத்தி வந்தார்கள். கதர் என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் விஷயம் தெரிந்திருந்தது.

1774-ல் வட கரோலினாவைச் சேர்ந்த ஈடன்டன் என்ற சிற்றூரில் 51 பெண்கள் ஒரு பிரதிக்ஞையில் பகிரங்கமாகக் கையெழுத்துப் போட்டார்கள். லண்டனில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்தப் பெண்களைக் கோரமாகச் சித்திரித்துக் கேலிப்படம் அச்சிட்டு விற்றார்கள். கேலி செய்கிற அளவுக்கு அவர்களைக் கவனித்தார்கள் என்பதே அந்த 51 பேருக்கும் பெரிய வெற்றி என்று நாம் எண்ணுகிறோம்.

பகிஷ்காரத்தினால் லண்டன் வர்த்தகர்களுக்குக் கை கடித்தது. 1770-ல் எல்லா வரிகளையும் நீக்கினார்கள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று தேயிலை வரி. அதை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்று மந்திரி சபையில் விவாதம் நடந்தபோது, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஒரே வோட்டு வித்தியாசத்தில் வைத்திருப்பதென்று முடிவாயிற்று. பணத்துக்காக அல்ல, அதிகாரம் நம்முடையது என்று காட்டுவதற்காக. ஒரு சாம்ராஜ்யத்தின் பெரும் பகுதி அந்த ஒரு வோட்டில் போய்விட்டது என்று சொன்னால் மிகையாகாது.

வங்காளத்துப் பஞ்சம், பாஸ்டன் தேயிலை

இனி, நமக்குப் பழக்கமான ஊருக்கு வருவோம்.

பாஸ்டனுக்கு வந்த தேயிலை யாருடையது? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. ஆம், சென்னையில் கோட்டை கட்டிய அதே கம்பெனிதான். அந்தத் தேயிலை இந்தியாவில் விளைந்ததன்று. அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றியது அடுத்த நூற்றாண்டில். இது சீனாவிலிருந்து கான்டன் துறைமுகம் வழியாக லண்டனுக்குக் கொண்டுவந்த தேயிலை.

1765-ல் கம்பெனி வங்காளம், பீகார், ஒரிஸ்ஸா ஆகிய நாடுகளில் நிலவரி வசூலிக்கும் திவானி உரிமையைப் பெற்றது. இனிமேல் தங்கமழைதான் என்று லண்டனில் பங்குகளின் விலை ஏறிற்று. நம் பங்கு எங்கே என்று சர்க்காரும் கை நீட்டி, வருஷத்துக்கு 4 லட்சம் பவுன் கேட்டு வாங்கிற்று. 1769-ல் வங்காளத்தில் மழை பொய்த்தது. 1770-ல் பெரும் பஞ்சம். ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு மடிந்ததாக வாரன் ஹேஸ்டிங்ஸ் கணக்கிட்டார். அவ்வளவு பேர் மாண்டும், பஞ்சத்துக்கு அடுத்த 1771-ஆம் வருஷத்து வசூல், பஞ்சத்துக்கு முந்திய 1768-ஆம் வருஷத்து வசூலைவிட அதிகமாயிருந்தது என்பதையும் அவரே 1772-ல் லண்டனுக்கு எழுதினார். செத்தவர்களின் வரியை உயிரோடிருந்தவர்கள் கட்டினார்கள்.

இப்படி வசூலித்த கம்பெனி செழித்ததா? அதுவும் இல்லை. உத்தியோகஸ்தர்கள் தங்கள் பையை நிரப்பிக்கொண்டார்கள். யுத்தச் செலவு வளர்ந்தது. 1772-ல் ஐரோப்பாவில் பெரும் பணமுடை ஏற்பட்டது. கிடங்குகளில் ஒரு கோடியே எழுபது லட்சம் ராத்தல் தேயிலை விற்பனையாகாமல் குவிந்து கிடந்தது. வங்காளத்தை ஆண்ட கம்பெனி, சர்க்காரின் வாசலில் கடனுக்கு நின்றது. 14 லட்சம் பவுன் கடன் கொடுத்து, கம்பெனியைக் கட்டுப்படுத்த ஒழுங்குச் சட்டம் ஒன்று செய்தார்கள். அதே 1773-ஆம் வருஷம் மே மாதத்தில், தேங்கிய சரக்கை விற்பதற்கு வழியாகத் தேயிலைச் சட்டமும் வந்தது.

அந்தச் சட்டத்தின்படி கம்பெனி நேரே அமெரிக்காவுக்குத் தேயிலை அனுப்பலாம். இங்கிலாந்தில் கட்டும் சுங்கம் திருப்பிக் கொடுக்கப்படும். தான் பொறுக்கி எடுத்த ஏஜண்டுகள் மூலம் விற்கலாம். இதனால், கள்ளக் கடத்தலாக வந்துகொண்டிருந்த டச்சுத் தேயிலையைவிடக் கம்பெனித் தேயிலை மலிவாகும். ஆனால் அமெரிக்காவில் இறக்கும்போது அந்த மூன்று பென்னி மட்டும் கட்டியாக வேண்டும். பாஸ்டன் ஏஜண்டுகளில் இருவர் கவர்னர் ஹட்சின்ஸனின் பிள்ளைகள்.

இப்போது நம் புதிருக்கு விடை தெரிகிறது. மலிவு என்பது தூண்டிலில் கோத்த புழு. புழுவின் ருசியில் மயங்கி ஒரு தடவை வாயைத் திறந்தால், சம்மதமில்லாத வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்று தேயிலையில் ஏகபோகம். நாளைக்கு வேறு சரக்கில். கள்ளக் கடத்தல் வியாபாரிகளுக்கு இதில் சொந்த நஷ்டமும் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சுயநலமும் கொள்கையும் ஒரே படகில் ஏறுவது சரித்திரத்தில் புதிதன்று. ஆயினும் படகு எந்தக் கரைக்குப் போகிறது என்பதே முக்கியம்.

ஜான் டிக்கின்ஸன் என்ற பென்ஸில்வேனியா வக்கீல், தேயிலைக் கப்பல்கள் வந்த நாட்களில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். இந்தக் கம்பெனி ஆசியாவில் என்ன செய்திருக்கிறது என்பதை ஆராயுங்கள் என்று அதில் அவர் தம் நாட்டாருக்குச் சொன்னார். வங்காளத்துப் பஞ்சத்தைக் குறிப்பிட்டு, அடுத்தபடி அவர்கள் கண் வைத்திருப்பது நம் நாட்டின்மேல்தான் என்று எச்சரித்தார். ஹூக்ளிக் கரையில் மடிந்த பெயர் தெரியாத குடியானவர்கள், பூமியின் மறுபுறத்தில் ஒரு தேசம் விழித்தெழக் காரணமானவர்களில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய சொந்த நாட்டுக்கு அந்த விழிப்பு வர இன்னும் வெகு காலம் இருந்தது.

அந்த இரவு

நவம்பர் 28-ந் தேதி 'டார்ட்மவுத்' என்ற கப்பல் பாஸ்டனுக்கு வந்தது. பிறகு 'எலினார்', 'பீவர்' என்ற இரண்டும் வந்தன. நான்காவது கப்பல் வழியில் கரை தட்டிவிட்டது. சரக்கு வந்த இருபது நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்துகொள்ளலாம். அப்புறம் தேயிலை எப்படியும் கரை ஏறிவிடும். கெடு டிசம்பர் 17. கப்பல்களைத் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள் ஜனங்கள். வரி கட்டாமல் புறப்பட அனுமதி இல்லை என்றார் கவர்னர்.

16-ந் தேதி 'ஓல்ட் சௌத்' பிரார்த்தனைக் கூடத்தில் சுமார் ஐயாயிரம் பேர் கூடினார்கள். பதினாறாயிரம் பேர் மட்டுமே வசித்த ஊரில் ஐயாயிரம்! கப்பல் சொந்தக்காரரைக் கடைசி முறையாகக் கவர்னரிடம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். இருட்டிய பிறகு அவர் வெறுங்கையோடு திரும்பினார். சிறிது நேரத்தில், மோஹாக் என்ற செவ்விந்தியக் கூட்டத்தார்போல் வேஷமிட்டு, முகத்தில் கரி பூசிய நூற்றுக்கு மேற்பட்டவர்கள் துறைமுகத்தை நோக்கி நடந்தார்கள். மூன்று மணி நேரத்தில் பெட்டிகளைப் பிளந்து சுமார் 92,000 ராத்தல் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். கம்பெனிக்கு நஷ்டம் 9,659 பவுன். வேறு சரக்கு எதையும் தொடவில்லை. சட்டைக்குள் தேயிலையைத் திணித்துக்கொண்ட ஒருவனைப் பிடித்து அவமானப்படுத்தி விரட்டினார்கள். கடல் வற்றமாயிருந்தபடியால் தேயிலை வைக்கோற்போர்போல் குவிந்தது. அடுத்த நாள் காலையில் படகில் போய்த் துடுப்பால் அடித்து அமிழ்த்தினார்கள்.

இந்தச் செயலை எல்லா தேசபக்தர்களும் கொண்டாடவில்லை. லண்டனிலிருந்த பிராங்க்ளின், பிறர் பொருளை அழித்தது தவறு, கம்பெனிக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அந்த யோசனைப்படி நடந்திருந்தால் கதை எப்படித் திரும்பியிருக்குமோ! ஆனால் பார்லிமெண்டுக்குப் பொறுமை இல்லை. 1774 ஜூன் முதல் தேதியிலிருந்து பாஸ்டன் துறைமுகத்தையே மூடிவிட்டது. மாஸச்சூஸெட்ஸின் சுயாட்சி உரிமைகளையும் பறித்தது.

குற்றம் செய்தவர்கள் நூறு பேர். தண்டனை ஊர் முழுவதற்கும். பிராங்க்ளின் படத்தால் ஆகாத காரியம் இதனால் ஆயிற்று. தென் கரோலினாவிலிருந்து பாஸ்டனுக்கு அரிசி வந்தது. கனெக்டிகட்டிலிருந்து ஆட்டு மந்தைகள் வந்தன. முன்பின் பார்த்திராத ஊர் பசித்திருக்கிறது என்று கேட்டு, ஒருவன் தன் வீட்டு அரிசியில் ஒரு மூட்டையைத் தனியே எடுத்து வைத்தான் அல்லவா, அந்தக் கணத்தில்தான் அமெரிக்க தேசம் பிறந்தது என்று நாம் சொல்வோம். செப்டம்பரில் பன்னிரண்டு நாடுகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் காங்கிரஸாகக் கூடினார்கள். 1775 ஏப்ரல் 19-ல் லெக்ஸிங்டனில் துப்பாக்கி வெடித்தது. 1776 ஜூலை 4-ல் சுதந்திரப் பிரகடனம் வெளியாயிற்று.

அதே கப்பலில் வந்த மற்றொரு சரக்கு

'டார்ட்மவுத்' கப்பலில் தேயிலை மட்டும் வரவில்லை. லண்டனில் அச்சான ஒரு கவிதைப் புத்தகத்தின் பிரதிகளும் வந்தன. எழுதியவள் பிலிஸ் வீட்லி, ஆப்பிரிக்காவில் பிறந்தவள், 1761-ல் ஏழெட்டு வயதுக் குழந்தையாகப் பாஸ்டன் துறைமுகத்தில் அடிமையாக விற்கப்பட்டவள். சுதந்திரத்துக்காகத் தேயிலை மிதந்த அந்தத் துறைமுகம், அவளை விலைக்கு இறக்கிய துறைமுகமே.

எல்லா மனிதரும் சமம் என்று பிரகடனம் எழுதிய ஜெபர்ஸன் அடிமைகளை வைத்திருந்தார். அன்று அந்த நாடுகளிலிருந்தவர்களில் ஐந்தில் ஒருவர் அடிமை. அடிமை முறை ஒழிய 1865 வரையில், பெருத்த உள்நாட்டு யுத்தம் வரையில், காத்திருக்க வேண்டியிருந்தது. ராட்டினம் சுற்றிய பெண்களின் சந்ததியாருக்கு அமெரிக்கா முழுவதிலும் வோட்டுரிமை 1920-ல் கிடைத்தது. மோஹாக்குகளின் வேஷத்தைச் சுதந்திர வீரர்கள் ஓர் இரவு போட்டுக் கழற்றிவிட்டார்கள்; உண்மையான மோஹாக்குகளோ தங்கள் நிலத்தை இழந்தார்கள். இதையெல்லாம் சொல்லாமல் வீரக் கதையை மட்டும் சொல்வது, பெட்டியின் பாதி எடையை மறைத்து விற்பதாகும். ஆயினும், பின்னால் உரிமை கேட்டுப் போராடிய ஒவ்வொருவரும் அந்தப் பிரகடனத்தையே நீட்டி, "எழுதியபடி கொடு" என்று கேட்டார்கள். வாக்குறுதி முழுவதும் நிறைவேறவில்லையென்றாலும், எழுத்தில் இருந்தது பயன்பட்டது.

சென்னையில் ஒரு சிலை

1781 அக்டோபர் 19-ல், யார்க்டவுன் என்ற இடத்தில், ஜெனரல் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை சரணடைந்தது. பிரபு உடம்பு சரியில்லையென்று சொல்லி, சரணாகதிச் சடங்குக்குத் தாம் வராமல் உதவித் தளபதியை அனுப்பினார். 1783-ல் இங்கிலாந்து அமெரிக்க சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவுக்கு உதவி செய்ததில் பிரெஞ்சு சர்க்காரின் கஜானா காலியாகி, 1789-ல் பாரிஸிலும் புரட்சி வெடித்தது. பாஸ்டில் சிறையின் சாவியை லாபயெத், தாமஸ் பெயின் மூலமாக வாஷிங்டனுக்குக் காணிக்கையாக அனுப்பினார்.

அமெரிக்காவில் தோற்ற கார்ன்வாலிஸ் எங்கே போனார்? 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை அடக்கி, அவருடைய இரண்டு இளம் பிள்ளைகளைப் பிணையாக வாங்கிக்கொண்டார். சேலத்தைச் சேர்ந்த பாராமகாலும், திண்டுக்கல்லும் அப்போதுதான் கம்பெனியின் கைக்கு வந்தன. சென்னைக் கோட்டைக் காட்சிசாலையில் அவருடைய சலவைக்கல் சிலையை நேயர்கள் பார்க்கலாம். அதன் பீடத்தில், அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. யார்க்டவுனைப் பற்றிய காட்சி எதுவும் இல்லை! வெற்றிக்குச் சிலை உண்டு. தோல்விக்கு உடல்நலக் குறைவு உண்டு.

1908 ஆகஸ்டு 16-ந் தேதி ஜோஹன்னஸ்பர்க்கில், காந்தியடிகளின் தலைமையில், தமிழர்கள் பலரும் உட்பட இந்தியர்கள் கூடி, தங்களை இழிவுபடுத்திய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைக் கொளுத்தினார்கள். லண்டன் பத்திரிகை ஒன்றின் நிருபர் அதைப் பாஸ்டன் டீ பார்ட்டிக்கு ஒப்பிட்டு எழுதினார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாஸ்டனில் அழிந்தது பிறர் பொருள். செய்தவர்கள் வேஷமிட்டு மறைந்தார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் கொளுத்தியது தங்கள் சொந்தச் சீட்டு. பட்டப்பகலில், சொந்த முகத்தோடு, தண்டனை வரட்டும் என்று நின்றார்கள். பிராங்க்ளினின் ஆட்சேபத்துக்கு நூற்று முப்பத்துநான்கு வருஷம் கழித்துக் கிடைத்த பதில் அது என்றே நாம் கருதுகிறோம்.

இன்று தேநீர் நம் வீடுகளில் விருந்தாளி அல்ல. வீட்டு மனுஷியாகவே ஆகிவிட்டது. அடுத்த முறை கோப்பையைக் கையில் எடுக்கும்போது, அதில் கரைந்திருக்கும் இந்தக் கதையையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். மலிவாகக் கிடைப்பது எல்லாம் லாபம் அல்ல. விலை என்ன என்று கேட்பதற்கு முன், யாரைக் கேட்டு இந்த விலை வைத்தாய் என்று கேட்கத் துணிந்தவர்களே தேசங்களை உண்டாக்கியிருக்கிறார்கள்.